பலகையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள்

சனிக்கிழமை எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்; பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று நாளாக என்னால் விழுங்க முடியவில்லை. "மீத்திறன் பட்டியலில் பெயர் இல்லாத மாணவர்களின் பெற்றோர் இப்போது புறப்படலாம்." தேர்வு வைத்துப் பள்ளி பொறுக்கிய பிள்ளைகளின் பட்டியல் அது. ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிள்ளைகளும் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பில் 160 பேர். 24 குடும்பங்கள் இருக்க, மற்ற நாங்கள் எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்கு நடந்தோம். என் மகன் தலையை நிமிர்த்தவே இல்லை.

13 வயதுப் பிள்ளையை 40 நிமிட வினாத்தாள் ஒன்றை வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

மகன் பெயர் வராத ஆத்திரத்தில் எழுதுகிறாள் என்று சிலர் நினைப்பீர்கள். என் மகள் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பள்ளியில் இதே பட்டியலில் இருந்தவள். அன்று இனிப்புப் பெட்டியோடு எங்கள் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் "இவள் பிறவியிலேயே புத்திசாலி" என்று அவள் காதில் விழும்படிச் சொன்னேன். அதுவரை பழைய டைரிகளில் பக்கம் பக்கமாகக் கதை எழுதியவள், அந்த ஆண்டே நிறுத்திவிட்டாள். ஓவியப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது, "முதல் பரிசு நிச்சயமில்லை என்றால் எதற்கு?" என்று கேட்டாள். 14 வயதுகூட ஆகாத பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளை 1998இல் வெளியிட்டார்கள். புதிர்களை முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும் சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அடுத்துத் தேர்ந்தெடுத்தது, தங்களால் நிச்சயம் முடியும் என்று தெரிந்த வேலையைத்தான். கடினமான புதிரில் தோற்ற பிறகு அவர்களுக்கு ஆர்வமும் குறைந்துவிட்டது. வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். படித்தபோது என் வீட்டுக் கூடத்தை யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது.

மகனிடம் ஒரு கோடில்லாத நோட்டு இருக்கிறது. அதில் சென்னை மாநகரப் பேருந்துகளுக்கு அவனே தடம் வரைகிறான். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்தை மாற்றியதிலிருந்து 29சி எப்படிப் போனால் நேரம் மிச்சமாகும் என்று ஆறேழு விதமாக வரைந்திருக்கிறான். ஒரு நிறுத்தத்தை அழித்து அழித்து அந்த இடத்தில் காகிதமே மெலிந்துவிட்டது. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "மருத்துவமனை நிறுத்தம். வயதானவர்கள் ஏற 40 வினாடி சேர்க்க வேண்டும்." இதைச் செய்யும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை. பரிசு தருகிறோம் என்றும் சொல்லவில்லை. அந்த 40 வினாடியை எந்த வினாத்தாள் கேட்கும்?

"ராமானுஜன் போன்ற பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தானே தேர்வு?" என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். ஐயா, ராமானுஜன் இதே சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தோற்றவர். 1912இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதினார். தேர்வு அவரை வெளியேதான் தள்ளியது. திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர் அவருடைய நோட்டுகளைத் திறந்து பார்த்தார். வழி அங்கிருந்துதான் பிறந்தது. என் மகனை ராமானுஜன் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். நோட்டைத் திறந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1920களில் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார். அந்தச் சோதனையை எழுதி, தேறாமல் போனவர்களில் இருவர் ஷாக்லியும் ஆல்வரெஸும்; பிறகு இயற்பியலாளர்கள் ஆனார்கள். ஒருவருக்கு 1956இல் நோபல் பரிசு, மற்றவருக்கு 1968இல்.

திறமையுள்ள பிள்ளைக்குத் தனிப் பயிற்சி வேண்டாமா? வேண்டும், கொடுங்கள். அதற்கு மற்றவர்களை ஏன் வாசலுக்கு அனுப்ப வேண்டும்?

"போட்டி உலகம், பிள்ளைகள் இப்போதே பழகட்டும்" என்கிறவர்களுக்கு என்னிடம் பொறுமையான பதில் இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒன்றுக்கு மட்டும் இலை போட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்வீர்களா? பழக்கம் என்றா அதற்குப் பெயர் வைப்பீர்கள்?

சனிக்கிழமை நான் எழுந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். ஆறு வருடப் பழக்கம். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் தேடினாள் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தவள் நான். அன்றும் பலர் எழுந்து போனார்கள். அவர்களில் ஒரு முகம்கூட எனக்கு நினைவில்லை. நான் பார்க்கவே இல்லை.

அந்தப் பட்டியல் இன்னமும் நுழைவாயில் பலகையில் ஒட்டியிருக்கிறது. காலையில் 160 பிள்ளைகளும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். அதை எடுக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் பேச வியாழக்கிழமை 10 மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பெயர் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேராவது உடன் வந்தால் எனக்குப் பெரிய பலம்.

நோட்டையும் கொண்டுபோய்க் காட்டட்டுமா என்று நேற்று இரவு மகனிடம் கேட்டேன்.

"வேண்டாம் அம்மா, அது தேர்வுக்கு வராது" என்றான்.