நாலு வருஷ இயற்பியல் ஆனர்ஸ்: 75 எதுக்கு?

வணக்கங்க. மேலே ஒருத்தர், 'இயற்பியல் ஆனர்ஸ்ல ஆராய்ச்சிப் பிரிவு கிடைச்சுட்டா எம்.எஸ்சி. தேவையில்லை, நேரா பி.எச்டி. சேர்ந்துக்கலாம்'னு எழுதியிருக்காருங்க. பாதிதான் சரி. ரெண்டு 75-ஐ ஒண்ணாக் குழப்பிக்கிறதால வர்ற வினை இது.

முதல் 6 பருவத்துல 75 சதவீதம்ங்கிறது, நாலாம் வருஷம் ஆராய்ச்சிப் பிரிவுக்குள்ள நுழையத்தான். பி.எச்டி.க்கு யூ.ஜி.சி.யோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதி கேக்கறது, 8 பருவமும் சேர்ந்த மொத்தத்துல 75. மூணு வருஷம் 120 கிரெடிட்டுக்கு (கிரெடிட்னா பாடத்தோட எடை அளவு) 76 சதவீதம் வாங்கி, நாலாம் வருஷம் 40 கிரெடிட்டுல (12 கிரெடிட் புராஜெக்ட்டும் அதுலதான்) 70-க்கு இறங்கினா, மொத்தம் 74.5. அவ்வளவுதான், எம்.எஸ்சி. படிச்சுத்தான் வரணும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டுங்க.

யூ.ஜி.சி. தளத்துல 2022 நவம்பர்ல வந்த பி.எச்டி. விதிமுறைய எடுத்து, சேர்க்கைத் தகுதிப் பகுதிய மட்டும் படிங்க, ஒரு பக்கம்தான். கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம் மூணு வருஷ பி.எஸ்சி. படிக்கிறவங்களுக்கு இந்த வழி பொருந்தாதுங்க. அவங்களுக்கு ரெண்டு வருஷ எம்.எஸ்சி.யும் அதுல 55 சதவீதமும் வேணும்.