வலி போனால் ஜவ்வு ஆறிவிட்டதாக அர்த்தமில்லை

ஏசிஎல் என்கிற முழங்கால் ஜவ்வு கிழிந்து, அதற்கான ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் வலி, வீக்கம் போய்விட்டால் கால்பந்து ஆடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பி இறங்கிவிடாதீர்கள். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உள்ளே பொருத்திய தசைநாணுக்குப் புதிதாக ரத்த ஓட்டம் கிடைத்து, அது மெல்ல மெல்ல ஜவ்வாக மாறவே பல மாதங்கள் பிடிக்கும், அதிலும் கால் தெம்பாகிவிட்டது போலத் தோன்றும் அந்த மூன்றாவது மாதத்தை ஒட்டித்தான் அது இன்னும் பலவீனமாக இருக்கும். நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாரையே பாருங்கள், 2023 அக்டோபரில் ஜவ்வு கிழிந்தது, திரும்ப ஆட ஒரு வருடம் ஆனது, அவருக்கு இல்லாத பிசியோவா நமக்கு? மூன்றாவது மாதத்தில் சைக்கிள் சரி, பிசியோ ஒப்புக்கொண்டால் நேர்கோட்டில் மெதுவான ஓட்டமும் சரி. சட்டென்று திரும்புவது, குதிப்பது எல்லாம் அப்புறம். ஒன்பது மாதம் ஆனாலும், முன்தொடைத் தசையின் பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா, ஒற்றைக்காலில் தாவும் சோதனை தேறுகிறதா என்று பார்த்துவிட்டே களத்துக்குப் போங்கள்.