அட்வான்ஸ் நோட்டு

சில ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் போடும் வேலையில் இருந்தேன். சம்பளப் பதிவேட்டை விட, பக்கத்தில் கிடந்த அட்வான்ஸ் நோட்டுதான் எனக்கு நிறைய சொல்லிக்கொடுத்தது. மாதம் 18 தாண்டினால் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைக்கு ஃபீஸ், அம்மாவுக்கு மருந்து, வாடகை பாக்கி. அநேகமாக அதே முகங்கள். ஊதாரிகள் அல்ல; ஒருநாள்கூட லீவு போடாதவர்கள்தான் அதில் அதிகம். வாங்கிய அட்வான்ஸை அடுத்த சம்பளத்தில் கழித்துவிட்டுத் தருவேன். கழித்தபின் கைக்கு வருவது இன்னும் குறைவு. அதனால் அடுத்த முறை 15ஆம் தேதியே வந்து நிற்பார்கள்.

ஒருமுறை மேலதிகாரியிடம் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குச் செலவு பண்ணத் தெரியலை. யாரையாவது கூப்பிட்டு சேமிப்பு பத்தி ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லலாம்" என்றார். வகுப்பும் நடந்தது.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள். சரி, விரலின் அளவை முடிவு செய்வது யார்?

குறைந்த கூலி பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். மாதாமாதம் துண்டு விழுகிறதே, அந்தத் தொகை எங்கேயும் காணாமல் போவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வயதான பெற்றோர் கட்டுகிறார்கள். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் மூத்த பிள்ளை கட்டுகிறது. தள்ளிப்போட்ட சிகிச்சையின் வழியாகத் தொழிலாளியின் உடம்பே கட்டுகிறது. இவர்கள் யாராலும் முடியாதபோது அரசாங்கம் கட்டுகிறது, அதாவது வரி கொடுக்கிற எல்லோரும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2020இல் இதைக் கணக்கெடுத்தது. அரசின் உணவு உதவியும் மருத்துவ உதவியும் பெறுபவர்களில் சம்பளம் வாங்கும் பெரியவர்களை எடுத்துக்கொண்டால், சுமார் 70 சதவீதம் பேர் வாரத்துக்கு 35 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள். முழுநேர வேலை பார்த்தும் சாப்பாட்டுக்கு அரசை நம்ப வேண்டியிருக்கிறது என்றால், அந்த மானியம் உண்மையில் யாருக்குப் போகிறது? தொழிலாளிக்கா, அவருக்குக் குறைத்துக் கொடுத்த முதலாளிக்கா?

இது புதிய கேள்வியும் அல்ல. 1907இல் ஆஸ்திரேலியாவில் ஹிக்கின்ஸ் என்ற நீதிபதி முன் ஒரு வழக்கு வந்தது. அறுவடை இயந்திரத் தொழிற்சாலை ஒன்று கொடுக்கும் கூலி நியாயமானதா என்பதை அவர் சொல்ல வேண்டும். முதலாளியால் எவ்வளவு தாங்க முடியும் என்பதிலிருந்து அவர் தொடங்கவில்லை. குடும்பங்களின் வீட்டுச் செலவுக் கணக்குகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மனைவி, மூன்று பிள்ளைகளோடு ஒரு மனிதன் கௌரவமாக வாழ நாளொன்றுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். அந்த வழக்குக்கு அடிப்படையாக இருந்த சட்டம் அடுத்த ஆண்டே செல்லாது என்றாகிவிட்டது, ஆனால் 7 ஷில்லிங் என்ற அளவுகோல் நிலைத்தது. (பெண்களுக்கு 1919இல் அதே நீதிபதி வைத்தது ஆணின் அடிப்படைக் கூலியில் 54 சதவீதம். நல்லவர்களின் கணக்கிலும் ஓட்டை உண்டு.)

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல்தான் வாழ்வதற்குப் போதுமான கூலி என்றால் என்ன என்று ஒரு பொது விளக்கத்துக்கு வந்தது. தொழிலாளியும் குடும்பமும் கண்ணியமாக வாழ எவ்வளவு தேவையோ அவ்வளவு. அதுவும் வழக்கமான வேலை நேரத்தில் சம்பாதிப்பதாக இருக்க வேண்டும். எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். "எங்க ஆளுங்க நல்லாத்தான் சம்பாதிக்கிறாங்க" என்பவர்களிடம் ஓவர்டைமைக் கழித்துவிட்டு எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு அப்படியே நின்றுவிடும்.

கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும் என்ற பயம் பழையது. நியூ ஜெர்சி மாநிலம் 1992இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. கார்டு, க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அங்குள்ள துரித உணவகங்களை, கூலி உயராத பக்கத்து மாநிலத்து உணவகங்களோடு ஒப்பிட்டார்கள். வேலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை. இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு, எந்த அளவுக்கு ஏற்றினாலும் பாதிப்பே வராது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் 'ஏற்றினாலே எல்லாம் போச்சு' என்பதைப் பாடம் மாதிரி ஒப்பிப்பதை இனியாவது விடலாம்.

முதலாளிக்குமே இதில் லாபம் இருக்கிறது என்பதற்கு ஹென்றி ஃபோர்டைச் சொல்வார்கள். அவர் ஒன்றும் தர்மவான் அல்ல; தொழிலாளிகளின் வீட்டுக்கே ஆளனுப்பி அவர்கள் ஒழுக்கத்தைச் சோதித்தவர். 1913இல் அவர் தொழிற்சாலையில் 14,000 பேரை நிறுத்திவைக்க 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் வந்த வேகத்தில் ஓடினார்கள். 1914 ஜனவரியில் வேலை நேரத்தை 8 மணியாகக் குறைத்து, நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். ஓட்டம் வெகுவாகக் குறைந்தது.

சின்ன நிறுவனங்களால் முடியாது என்பதில் உண்மை இருக்கிறது. அவர்கள் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் அவர்களுக்கு வேலை தரும் பெரிய நிறுவனம்தான். துப்புரவு வேலைக்கு டெண்டர் விடுகிறார்கள், இருப்பதிலேயே குறைவாகக் கேட்டவருக்குக் கொடுக்கிறார்கள். துடைப்பமும் பினாயிலும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். அப்படியிருக்க அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று டெண்டரைப் பிரிப்பவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் ஒப்பந்தக்காரர் என்ற ஒருவரை நடுவில் வைத்துக்கொள்கிறார். கூலிச் செலவுக்கு ஒரு கீழ்வரம்பு வைத்து, அதற்குக் கீழே கேட்கும் டெண்டரைத் தள்ளிவிடுவது அப்படி ஒன்றும் கஷ்டமான காரியமில்லை.

அப்புறம் அந்த வகுப்பு. பட்ஜெட் எப்படிப் போடுவது என்று பலகையில் எழுதிக் காட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறிப்பெடுத்த ஒருவர் இருந்தார். நான் அந்த வேலையை விட்ட மாதம் அவர் 11ஆம் தேதியே அட்வான்ஸ் கேட்டு வந்தார்.