மதில் உயரமாக இருந்தால் போதுமா?
செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பற்றிய கட்டுரையில், 'பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளைச் சிறார் காப்பகமாக்கினால் கோட்டை போலப் பாதுகாப்பு' என்கிறார் கட்டுரையாளர். எங்க சின்னம்மா தேவகோட்டைப் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தவர். வாசலில் பெரிய பூட்டு, மதில் மேல் கண்ணாடிச் சில்லு. அப்படியும் ஒரு பிள்ளை அடுப்படிக் கதவு வழியாக வெளியேறிவிட்டது. அம்மாவோடு பேச ஃபோன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, வார்டன் தரவில்லை, அவ்வளவுதான் விஷயம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் நகரத்தார் வீட்டில் ராத்திரி ஒற்றை வார்டன் எந்தப் பக்கத்தைப் பார்ப்பார்? (வீட்டைக் கொடுக்கப் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குவது தனிக் கதை!) 18 முடிந்து வெளியே போகிற பிள்ளைகளுக்கு 21 வயது வரை உதவ 2015 சிறார் நீதிச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சின்னம்மா இருந்த இடத்தில் பெட்டியைக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவதோடு சரி. கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.