பட்டா நம் பேரில், பாதை அவர்கள் பேரில்

போன மாசியில் என் அப்புச்சியின் தோட்டத்துக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று வந்தது. நீரோட்டம் பார்த்தவர் தேங்காயை வைத்துக் குறித்துக் கொடுத்த இடம், தோட்டத்தைக் குறுக்கே கடக்கும் எரிபொருள் குழாய்ப் பாதைக்குள் ஆறடி தள்ளி விழுந்திருந்தது. எல்லைக் கல்லைப் பார்த்ததும் ரிக் ஓட்ட வந்தவர் கையை விரித்துவிட்டார். வேறு வழியின்றி வேலியோரம் 900 அடி ஓட்டியதில் வெறும் புகைதான் வந்தது. "பட்டா எம்பேர்லதான் இருக்குது சாமி, கெணறு வெட்டத்தான் அவங்களைக் கேக்கோணும்" என்றார் அப்புச்சி. அதன் பிறகுதான் இப்படிக் குழாய் பதிப்பதற்கான சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

அசாம் எண்ணெயைக் குழாய் வழியே சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கிய காலத்தில், 1962இல் வந்த சட்டம் அது. நிலத்தை அரசு வாங்குவதில்லை. அதில் குழாய் பதிக்கும் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதற்குரிய இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. சேதமான பயிருக்கும் மரத்துக்கும் தனித்தொகை உண்டு. இரண்டுமே ஒருமுறையோடு முடிந்துவிடும். அந்தப் பாதையில் உழவர் பயிர் வைக்கலாம். கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது.

சோளத்தட்டு விதைக்கிறவருக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாமல் இருக்கலாம். மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில் 20 மீட்டர் அகலப் பாதை 120 மீட்டர் நீளத்துக்கு ஓடினால், ஏறத்தாழ 60 செண்ட் போய்விடும். 25 அடிக்கு ஒரு கன்று என்று வைத்தால் அது நாற்பது மரத்துக்கான இடம். மிச்சமுள்ள நிலமும் இரு துண்டாகிவிடுவதால், விற்கப் போனால் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தக் கல்லைப் பற்றித்தான்.

நாட்டின் தேவையை நான் மறுக்கவில்லை. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேலும், இயற்கை வாயுவில் ஏறக்குறைய பாதியும் நாம் இறக்குமதி செய்கிறோம். எரிசக்தியில் சுமார் 6 விழுக்காடாக இருக்கும் வாயுவின் பங்கை 2030க்குள் 15 ஆக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. கொச்சியில் 2013இல் தொடங்கிய, கப்பலில் வரும் திரவ இயற்கை வாயுவை இறக்கும் முனையம், வாயுவை வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாததால் பல ஆண்டுகள் பெரும்பகுதி சும்மாவே கிடந்தது. அந்த வாயு வந்தால் கோவை வார்ப்பட ஆலைகளுக்கும், விறகை எரிக்கும் திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கொதிகலன்களுக்கும் நன்மைதான்.

கொச்சியிலிருந்து பெங்களூரு செல்லும், மத்திய அரசின் வாயு நிறுவனமான கெயிலின் குழாய், தமிழகத்தில் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் செல்வதாகத் திட்டமிட்டபோது, நம் உழவர்கள் அதை நெடுஞ்சாலையோரம் கொண்டுபோகச் சொன்னார்கள். 2013இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவும் சட்டமன்றத்தில் அதையே அறிவித்தார். அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் மாநில அரசின் ஆணையை ரத்து செய்தது; 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. சட்டம் மத்திய அரசுடையது, அதில் மாநிலம் குறுக்கிட முடியாது என்பதே சாரம்.

என் கருத்து இங்கேதான் நம்மவர்களிடமிருந்து சற்று விலகுகிறது. (குழாய்க்காரன் ஆள் என்று ஊரில் சிலர் சொல்லக்கூடும், சொல்லட்டும்.) சாலையோரம் எல்லா இடத்திலும் கிடைக்காது, சாலையை அகலப்படுத்தும்போது குழாயைத் தோண்டி மாற்ற வேண்டிவரும். 2014இல் ஆந்திராவின் ‘நகரம்’ என்ற கிராமத்தில் வாயுக்குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைத்தால், ஆள் நடமாட்டம் மிகுந்த சாலையோரம்தான் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஆகவே நாம் பாதையைப் பற்றிப் பேசுவதை விட, வாடகையைப் பற்றிப் பேச வேண்டும்.

செல்போன் கோபுரத்துக்கு மொட்டைமாடியைக் கொடுத்தவருக்கு மாதாமாதம் பணம் வருகிறது. குழாய்க்கு நிலம் கொடுத்தவருக்கு மட்டும் ஏன் ஒரே தவணை? குழாயில் போகும் வாயுவுக்கு இவ்வளவு கட்டணம் என்று வரையறுக்க, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை வாரியமே இருக்கிறது. அந்தக் கட்டணக் கணக்கில் குழாய்க்குப் போட்ட முதலுக்கு உரிய வருமானமும் பராமரிப்புச் செலவும் சேர்கின்றன. நிலத்துக்காரருக்கு ஆண்டு வாடகை என்று இன்னொரு செலவையும் அதில் சேர்த்து, 1962 சட்டத்தின் 10 விழுக்காட்டை நாடாளுமன்றம் திருத்தினால், அடுத்த அளவைக்காரர் வரப்பில் கால் வைக்கும்போது இத்தனை எதிர்ப்பு இருக்காது. நம் தொகுதி உறுப்பினர்களிடம் அடுத்த கூட்டத்தொடருக்கு முன் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.