அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டா முடிஞ்சுதாம்!

ஞாயித்துக்கிழமை நம்ம நியூ ஜெர்சி தமிழ் குரூப்ல, ஸ்டேட் கோர்ட் பெருசா சுப்ரீம் கோர்ட் பெருசான்னு நடந்த கூத்து உங்களுக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட் போட மாட்டேன். "ஸ்டேட் கோர்ட்டெல்லாம் ஆலமரத்தடிப் பஞ்சாயத்து, வாஷிங்டன்ல சுப்ரீம் கோர்ட் சொன்னா வாயை மூடணும்"னு ஒரு அண்ணன் எழுதினதைவிட, அதுக்கு விழுந்த லைக்குதான் வலிச்சுது.

அண்ணே, நீங்க இருக்கறது நியூ ஜெர்சியில. ராத்திரி ரோட்டோரம் வைக்கிறீங்களே குப்பைப் பை, வாரண்ட் இல்லாமலே போலீஸ் அதைக் கிளறலாம்னு 1988ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 1990ல நம்ம ஸ்டேட் கோர்ட், எங்க மாநிலத்தோட அரசியல் சாசனப்படி வாரண்ட் வேணும்னுச்சு. இன்னிக்கும் உங்க குப்பைக்குக் காவல் அந்தப் பஞ்சாயத்துதான்! நாட்டுக்கே பொதுவான ஃபெடரல் சாசனம் தர்ற உரிமை குறைஞ்சபட்சம். மாநிலம் அதுக்குக் கீழ இறக்கக் கூடாது, மேல கொடுக்கலாம். இது புரிய வக்கீலா இருக்கணுமா?

கோவிடுக்கு முன்னாடி, ஸ்கூல் பட்ஜெட் விஷயமா ஒரு மால்ல நோட்டீஸ் கொடுத்துட்டிருந்தேன். "பிரைவேட் இடம், கிளம்பு"ன்னான் செக்யூரிட்டி. மால்ல நோட்டீஸ் கொடுக்கலாம்னு நம்ம கோர்ட் 1994லயே சொன்னதை எடுத்துச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தான். மேனேஜர் வந்து, யாருக்கோ போன் போட்டு, கடைசியில ஒரு ஃபாரத்தை நீட்டி, எஸ்கலேட்டர் பக்கம் நிக்கச் சொன்னார். ஆத்தைத் தாண்டி பென்சில்வேனியான்னா துரத்தியிருப்பாங்க, அங்க கோர்ட் அந்த உரிமையைத் தரலை. ஃபுட் கோர்ட்ல உட்கார்ந்திருந்த நம்ம ஆளுங்க, என்னைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அது தனிக் கதை.

"மாநிலத்துக்கு ஒரு உரிமையா, நாடா இது?"ன்னு வருவீங்க. மாசசூசெட்ஸ் கோர்ட் தன்பாலினத் திருமணத்தை ஏத்துக்கிட்டது 2003ல, சுப்ரீம் கோர்ட் 2015ல. அதுவரைக்கும் அந்த ஜோடிங்க காத்திருக்கணுமா? கருக்கலைப்பு உரிமையை 2022ல வாஷிங்டன் பிடுங்கினப்ப, கன்சாஸ்ல அது நின்னது எதால? அந்த ஸ்டேட் கோர்ட்டோட 2019 தீர்ப்பால. அதை மாத்த மாநிலச் சாசனத்தையே திருத்தப் பார்த்தாங்க, ஜனங்க ஓட்டுப் போட்டுத் தோக்கடிச்சாங்க.

"ஸ்டேட் கோர்ட் நிலையா நிக்குமா, வட கரோலினாவைப் பாரு"ம்பீங்க. ஆமா, தொகுதி எல்லை வழக்குல 2022ல ஒண்ணு சொல்லி, ஜட்ஜுங்க மாறினதும் 2023ல அதே கோர்ட் மாத்திச் சொன்னுச்சு. அங்க ஜட்ஜுக்கே எலக்‌ஷன், அந்தத் தலைவலி வேற. வாஷிங்டன் மட்டும் மாத்திச் சொன்னதே இல்லையா?

"ஐ.டி.காரனுக்கு எதுக்குச் சட்டம்"னு கேட்டவருக்கு: பதில் எழுதறதுக்குள்ள என்னை ம்யூட் பண்ணிட்டீங்க, சந்தோஷம். ட்ரம்ப் தும்மினா மூணு நாள் பேசற குரூப்புக்கு, இங்க ஸ்டேட் ஜட்ஜை நியமிக்கறது கவர்னர்னு தெரியுமா? கவர்னர் எலக்‌ஷன் அன்னிக்கு ஓட்டு இருக்கற எத்தனை பேர் போனீங்க? அண்ணன் போகலையாம். வீட்டுல பாட்லக் இருந்துச்சாம்.