லெட்ச்வொர்த் பூங்கா ஒருவரின் கொடை மட்டும்தானா?

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ரோச்செஸ்டருக்குத் தெற்கே ஜெனெசீ ஆற்றின் இரு கரைகளிலும் 17 மைல் நீளத்துக்கு லெட்ச்வொர்த் மாநிலப் பூங்கா கிடக்கிறது. அங்கே போய் வந்து எழுதுகிறவர்கள் மூன்று அருவிகளையும் இலையுதிர்கால நிறங்களையும் வருணித்த கையோடு, வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் என்ற வள்ளலைப் போற்றி முடித்துவிடுகிறார்கள். அவர் கொடுத்தது பெரிய கொடைதான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொதுப் பூங்காவின் கதை முழுவதையும் ஒரு செல்வரின் நல்ல மனத்துக்குள் அடக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பஃபலோ நகரில் குதிரைச் சேணத்துக்கான உலோகப் பொருள்களைத் தயாரித்துப் பணம் ஈட்டிய லெட்ச்வொர்த், 1859-இல் நடு அருவியை ஒட்டிய நிலத்தை வாங்கியபோது, மரம் வெட்டுவோர் அந்தக் கரைகளை ஏற்கெனவே மொட்டையடித்திருந்தார்கள். அவர் மரங்களை நட்டார், அக்கம்பக்கத்து நிலங்களையும் வாங்கிச் சேர்த்தார், தமது தோட்டத்தை ஊராருக்குத் திறந்தும் வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்க ஒரு நிறுவனம் முனைந்தது. அருவிகள் வற்றிப்போகும் என்று அஞ்சிய அவர், 1906-இல் ஆயிரம் ஏக்கரை மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தார்; அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் சட்டமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு செல்வமும் செல்வாக்கும் இருந்தும், நிலத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் மட்டும் ஆற்றைக் காக்க இயலாது என்று அவரே முடிவுக்கு வந்திருந்தார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பூங்காவின் இன்றைய பரப்பு 14,000 ஏக்கருக்கும் மேல். ஆக, பதினான்கில் ஒரு பங்குதான் அந்தக் கொடை. மற்றவை அவர் 1910-இல் மறைந்த பிறகு, பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாகப் பொதுச் சொத்தாகச் சேர்ந்தவை. நாம் நடக்கும் பாதைகளிலும் பள்ளத்தாக்கின் விளிம்பில் சாய்ந்து நிற்கும் கற்சுவர்களிலும் பெரும்பகுதி, பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அதிபர் ரூஸ்வெல்ட் 1933-இல் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற, வேலையில்லா இளைஞர்களுக்கான அரசு வேலைத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் உழைப்பு. அத்திட்டத்தில் மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். கீழ் அருவிக்கு இறங்கும் நீண்ட படிவரிசையில் மூச்சு வாங்க நிற்கிறவர்கள், அந்தப் பையன்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். வள்ளலுடைய பெயரைப் பூங்கா முழுவதும் தாங்கி நிற்கிறது. இவர்களுடைய பெயர்களைச் சொல்ல யாருமில்லை.

இவர்கள் அனைவருக்கும் முன்பே இந்தப் பள்ளத்தாக்கு, அமெரிக்கப் பூர்வகுடிகளான செனெகா மக்களுடையது. 1797-இல் பிக் ட்ரீ உடன்படிக்கையின் வழியாக, மேற்கு நியூயார்க்கிலிருந்த தங்கள் நிலத்தின் மிகப் பெரும்பகுதியை வெறும் ஒரு லட்சம் டாலருக்கு அவர்கள் இழந்தார்கள். அப்போது அவர்களுக்கென்று விடப்பட்ட சில பகுதிகளில் ஒன்றான கார்டோ நிலம், வெள்ளையர் குடும்பம் ஒன்றிலிருந்து சிறுமியாகச் சிறைபிடிக்கப்பட்டு, செனெகா குடும்பம் ஒன்றில் மகளாக ஏற்கப்பட்டு, திரும்பிப்போக வாய்ப்பு வந்தும் அவர்களோடே தங்கிவிட்ட மேரி ஜெமிசனுக்குரியது. சுமார் 18,000 ஏக்கர் கொண்ட அந்த நிலமும் அவருடைய வாழ்நாளிலேயே கைமாறிப் போயிற்று. பிற்காலத்தில் லெட்ச்வொர்த் அவருடைய எலும்புகளை பஃபலோவிலிருந்து கொண்டுவந்து தமது தோட்டத்தில் மறுபடி அடக்கம் செய்தார். செனெகா மக்களின் பழைய ஆலோசனை மண்டபத்தையும் பெயர்த்து வந்து அங்கேயே நிறுத்தினார். மரியாதையோடு செய்த காரியம்தான். இருந்தாலும், ஒரு மக்களுடைய நிலம் போன பிறகு அவர்களுடைய மண்டபத்தை இன்னொருவர் தமது தோட்டத்தில் பாதுகாப்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

பூங்காவின் வட கோடியில் ராணுவப் பொறியாளர்கள் 1952-இல் கட்டி முடித்த மவுண்ட் மாரிஸ் அணை இருக்கிறது. அணைக்கு அஞ்சிக் கொடுத்த நிலத்தின் மறுமுனையில் ஓர் அணையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் இது மின்சாரத்துக்காகக் கட்டியதன்று. சாதாரண நாள்களில் ஆற்றை அதன் போக்கில் விட்டுவிட்டு, வெள்ளம் வரும்போது மட்டும் நீரைத் தடுத்து நிறுத்துவது. 1972-இல் ஆக்னெஸ் புயல் மழை கொட்டியபோது, அணையின் தேக்கம் ஏறக்குறைய முழுதும் நிரம்பி, ரோச்செஸ்டர் நகரம் பேரழிவிலிருந்து தப்பியது. வீடுகள் இல்லாத பொதுநிலமாக அந்தப் பள்ளத்தாக்கு இருந்ததால்தான் அங்கே நீரைத் தேக்கிவைக்க முடிந்தது.

2021-இல் ஆட்டிசம் உள்ளவர்களை மனத்தில் கொண்டு, சுமார் ஒரு மைல் நீளத்தில் இயற்கை நடைபாதை ஒன்று இங்கே திறக்கப்பட்டது. அமைதியாக ஒதுங்கி உட்காரவும் ஓடி விளையாடவும் தனித்தனி இடங்களோடு, நன்றாக யோசித்து அமைத்திருக்கிறார்கள். அதற்கான பணம் தனியாரிடம் நன்கொடையாகத் திரட்டப்பட்டது. கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் ஒரு குழந்தை தன் பெற்றோரோடு ஆற்றங்கரைக்கு வருவதற்கு யாராவது மனமிரங்கி நிதி திரட்டித் தர வேண்டியிருக்கிறதே! மற்ற மாநிலப் பூங்காக்களில் இதைப் போன்ற பாதைகள் வரும்போது, மாநில வரவு செலவுத் திட்டத்திலேயே அவற்றுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று இங்கே வரி கட்டுகிறவர்கள் தங்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டும். நான் கேட்கப் போகிறேன்.